எக்செல்லில் 1.30, எஸ்பிஎஸ்எஸ்ஸில் 1.37: எந்தத் திட்டவிலக்கத்தைப் போடுவது?

போர்வெல்_மாணவி (தர்மபுரி):
வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் ப்ராஜெக்டுக்காக எங்கள் ஊர்ப் பக்கம் பத்து வீட்டு போர்களில் ஃப்ளோரைடு பார்த்தேன். லிட்டருக்கு மில்லிகிராமில் வந்த அளவுகள்: 0.6, 0.7, 0.8, 0.8, 0.9, 1.0, 1.1, 1.3, 1.6, 5.2. சராசரி 1.40. திட்டவிலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) மட்டும் எக்செல்லில் 1.30, எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் 1.37 என்று வருகிறது. எது சரி?

இன்னும் இரண்டு சந்தேகம். ஒவ்வொரு தண்ணீரையும் மூன்று தடவை அளந்து, அதன் சராசரியைத்தான் மேலே போட்டிருக்கிறேன். மாதிரி 30 இருந்தால்தான் செல்லும் என்று சீனியர் ஒருவர் சொல்கிறார். பத்துக்குப் பதில் முப்பது என்று கணக்குக் காட்டலாமா? அப்புறம், குடிநீருக்கான 1.5 என்ற வரம்போடு சராசரியை ஒப்பிட்டு டி-டெஸ்ட் போட்டதில் பி மதிப்பு 0.82. 0.05-க்குக் கீழே வந்தால்தான் வேறுபாடு உண்டு என்பார்கள், இது அதற்கு மேல்தானே, அப்படியென்றால் 'தண்ணீர் பாதுகாப்பானது' என்று முடிவு எழுதிவிடலாமா? அடுத்த வாரம் கைடிடம் காட்ட வேண்டும்.

தொப்பூர்_கணவாய்:
எக்செல்லில் எஸ்டிடெவ்.பி ஃபங்ஷனைப் போட்டிருப்பீர்கள். அது 10-ஆல் வகுக்கும். எஸ்டிடெவ்.எஸ் போட்டால் 9-ஆல் வகுத்து 1.37 தரும். எஸ்பிஎஸ்எஸ் எப்போதும் இரண்டாவது வழிதான். ஊரில் உள்ள எல்லா போரையும் அளந்திருந்தால் முதலாவது சரி. நீங்கள் எடுத்தது மாதிரி, ஆகவே 1.37.

ஓசூர்_ரோஜா:
அந்த 5.2-தான் தொல்லை. அதைத் தூக்கிவிட்டால் சராசரி 0.98, திட்டவிலக்கம் 0.32. கிராஃபும் பார்க்க அழகாக வரும்.

பாலக்கோடு_வாத்தியார்:
ரோஜா தம்பி, தர்மபுரியில் ஃப்ளோரைடு ஆராய்ச்சி செய்துவிட்டு, அதிகமாக வந்த ஒன்றை மட்டும் தூக்கிப் போட்டால் மிச்சம் என்ன ஆராய்ச்சி? இங்கே பாறையில் இருக்கும் கனிமங்களிலிருந்துதான் ஃப்ளோரைடு கரைந்து வருகிறது. பக்கத்துப் பக்கத்து போர்களில்கூட அளவு ஏகத்துக்கு மாறலாம். 5.2 பொய் என்று காட்டினால் எடுக்கலாம், கண்ணை உறுத்துகிறது என்பதற்காக எடுக்கக் கூடாது.

பொய்யா என்று பார்க்க வழி இருக்கிறது. எந்த முறையில் அளந்தாய் அம்மா? ஸ்பாட்ன்ஸ் (SPADNS) முறை, அதாவது சாயத்தின் நிறம் மங்குவதை வைத்து அளப்பது என்றால், அது சுமார் 1.4 வரைதான் நேராக அளக்கும். அதற்கு மேல் போனால் நீர்க்க வைத்து அளந்து, பிறகு பெருக்க வேண்டும். இரண்டு மடங்கு நீர்த்த தண்ணீரில் 1.3 வந்து, தவறிப்போய் இரண்டு தடவை பெருக்கியிருந்தாலும் 5.2 வரும். நோட்டை எடுத்துப் பார். முடிந்தால் அந்த போரில் மறுபடி தண்ணீர் பிடித்து அள.

இனி உன் கேள்விகள். முப்பது என்று போடாதே. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி. அதே பானையில் மூன்று சோறு எடுத்துப் பார்த்தால் மூன்று பானை பார்த்ததாகிவிடாது. மூன்று தடவை அளந்தது உன் அளவீடு எவ்வளவு நிலையாக இருக்கிறது என்று காட்டும், அதைத் தனியாக எழுது. முப்பது என்று போட்டால் திட்டப்பிழை (சராசரி எவ்வளவு தடுமாறலாம் என்பதன் அளவு) 0.43-லிருந்து ஏறக்குறைய 0.24-க்கு இறங்கிவிடும். ஒரு போர்கூடக் கூடாமல் உறுதி மட்டும் கூடுவது எப்படி? 30 என்பது சட்டமும் இல்லை. பத்து என்றால் பத்து என்று எழுது.

பி மதிப்பு விஷயம்தான் பெரிய வில்லங்கம். 0.82 சொல்வது இவ்வளவுதான்: இந்தப் பத்தை வைத்துக்கொண்டு, ஊர்ச் சராசரி 1.5-லிருந்து வேறுபடுகிறது என்று நம்மால் சொல்ல முடியவில்லை. பாதுகாப்பைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சராசரிக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான ஊர்ச் சராசரி இருக்கக்கூடிய எல்லை, போட்டுப் பார், 0.42 முதல் 2.38 வரை வரும். வரம்புக்குக் கீழேயும் இருக்கலாம், மேலேயும் இருக்கலாம் என்கிற இடைவெளி அது. இதை வைத்து யாருக்கும் 'தைரியமாகக் குடிங்க' என்று சொல்ல மாட்டேன்.

அதைவிட, யாருமே சராசரித் தண்ணீரைக் குடிப்பதில்லை. அவரவர் போர்த் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். உன் பத்தில் எட்டு போர் அந்த 1.40-க்குக் கீழே இருக்கின்றன. சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கம் கழித்தால் மைனஸ் 1.34. மைனஸில் ஃப்ளோரைடு உண்டா? இப்படி வந்தாலே தரவு ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது, '1.40 ± 1.37' என்று எழுதுவது பொருந்தாது என்று புரிந்துகொள்ளலாம். இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 0.95, குறைந்தது 0.6, அதிகம் 5.2 என்று போடு. கூடவே பத்துப் புள்ளிகளையும் கிராஃபில் அப்படியே வை. இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500 படி 1.0 வரை ஏற்கலாம், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 1.5 வரை விடலாம். அப்படிப் பார்த்தால் 1.0-க்குள் ஆறு, இடையில் இரண்டு, 1.5-ஐத் தாண்டியது இரண்டு. என்னைக் கேட்டால் உன் ப்ராஜெக்டின் முக்கியமான வரி இதுதான்.

பத்து வீடுகளை எப்படித் தேர்ந்தெடுத்தாய்?

போர்வெல்_மாணவி:
ரொம்ப நன்றி சார். ஸ்பாட்ன்ஸ்தான். நோட்டில் நான்கு மடங்கு நீர்த்து 1.3 என்று இருக்கிறது, ஒரு தடவைதான் பெருக்கியிருக்கிறேன். மறுபடி தண்ணீர் பிடித்து அளந்ததில் 5.0 வந்தது. வீடுகள் தெரிந்தவர்கள் வீடுகள்தான், கேட்டைத் திறந்து விட்டவர்களிடம் எடுத்தேன். தலைப்பில் 'தர்மபுரி மாவட்ட நிலத்தடி நீர்' என்று போட்டிருக்கிறேன், பரவாயில்லையா?

தொப்பூர்_கணவாய்:
மாவட்டத்தை எடுத்துவிடுங்கள். ஊர்ப் பெயரும் 'பத்து வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில்' என்பதும் போதும். வைவாவில் முதல் கேள்வியே அங்கேதான் விழும். எந்த மாதம் எடுத்தது என்பதையும் எழுதுங்கள், மழைக்கு முன்னும் பின்னும் அளவு மாறலாம்.

ஓசூர்_ரோஜா:
5.0 வந்ததா! சரி, 5.2 இருக்கட்டும். டி-டெஸ்ட்டை அப்படியே விடலாமா சார்?

பாலக்கோடு_வாத்தியார்:
எடுத்துவிடலாம். பத்தே போர், அதில் ஒன்று இப்படித் தனியாக நிற்கும்போது அந்த டெஸ்ட் பெரிதாக எதையும் சொல்லாது. கைடு கேட்டால் இடைநிலையை வைத்துப் பார்க்கும் வில்காக்ஸன் டெஸ்ட் போட்டுக் காட்டலாம், ஆனால் அதுவும் பாதுகாப்புக்குச் சான்றிதழ் கிடையாது. அந்த 5.2 வீட்டுக்காரரிடம் அளவைச் சொன்னாயா அம்மா? கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். அதையும் சேர்த்துச் சொல்லிவிடு.

போர்வெல்_மாணவி:
சொல்லிவிட்டேன் சார். குடிக்க, சமைக்க ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர்தானாம். போர்த் தண்ணீர் துவைக்கவும் மாட்டுக்கும் மட்டும்தான் என்றார்கள்.

பாலக்கோடு_வாத்தியார்:
மாட்டுக்கும் ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் கெடும். எந்த போர் எதற்குப் பயன்படுகிறது என்று அட்டவணையில் ஒரு பத்தி சேர்த்துவிடு. அவர்களிடமும் சொல், மாட்டுத் தொட்டிக்கும் முடிந்தவரை வேறு தண்ணீர் பார்க்கட்டும்.