பிரைட்லிங் பிரமிடும் ஜான் ஃபுல்லரும்

இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில் பிரைட்லிங் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் 25 அடி உயரப் பிரமிடைக் கண்டபோது, கட்டியவரைப் பற்றி முழுமையாக அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டாயிற்று. ‘கிறுக்கு ஜாக்’ என்று பெயர் பெற்ற ஜான் ஃபுல்லர் (1757–1834) என்னும் நிலக்கிழார், தாம் இறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே தமக்காக எழுப்பிக்கொண்ட சமாதி அது. விருந்துக்கான உடையில், மதுப் புட்டியுடன் நாற்காலியில் அமர்ந்த நிலையில் அவரை உள்ளே வைத்திருப்பதாகத் தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள். 1982-இல் பழுதுபார்த்தபோது, எல்லோரையும் போல அவரும் தரைக்கடியில் அடக்கம் செய்யப்பட்டிருப்பது தெரிந்தது. கம்பிக் கதவு வழியே பார்த்தால், புகழின் பாதைகளும் கல்லறையில்தான் முடிகின்றன என்னும் ஆங்கிலக் கவிஞர் தாமஸ் கிரேயின் செய்யுள் உட்சுவரில் தெரிகிறது.

சற்றுத் தொலைவில், புல்வெளி நடுவே 35 அடி உயரக் கற்கூம்பு ஒன்று நிற்கிறது. பக்கத்து ஊரான டாலிங்டனின் தேவாலயக் கோபுர முனை தம் வீட்டிலிருந்தே தெரியும் என்று லண்டனில் பந்தயம் கட்டிய ஃபுல்லர், ஊர் திரும்பியதும் இடையில் மேடு மறைப்பதைக் கண்டு, அந்தக் கோபுர முனையைப் போலவே தோன்றும்படி இதை அவசரமாகக் கட்டுவித்தார் என்கிறார்கள். அதில் ஒரு காலத்தில் மக்கள் குடியிருந்தார்கள் என்பது எனக்குப் பந்தயத்தைவிட வியப்பாக இருந்தது.

நாடாளுமன்றத்தில் 1810-இல் அவைத்தலைவரை ஏசி வெளியேற்றப்பட்ட இதே மனிதர்தான், இடிபடவிருந்த போடியம் என்னும் இடைக்காலக் கோட்டையை விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார். ஓவியர் டர்னரிடம் சசெக்ஸ் காட்சிகளை வரையச் சொல்லிப் பொருளுதவி செய்தார். லண்டனின் அறிவியல் நிறுவனமான ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் பெயரால் வேதியியல் பேராசிரியர் பதவியை நிறுவினார். அப்பதவியை 1833-இல் முதலில் ஏற்றவர் மைக்கேல் ஃபாரடே.

ஆனால் அவருடைய செல்வத்தின் பெரும்பகுதி, இருபது வயதில் மரபுரிமையாகக் கிடைத்த ஜமைக்கா தோட்டங்களில் அடிமைகள் சிந்திய உழைப்பிலிருந்து வந்தது. அடிமை முறையை நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக ஆதரித்தும் பேசினார். ஃபாரடேயின் பதவிக்கு வாழ்த்துச் சொல்லும்போது அந்தத் தோட்டங்களைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது என்றே நான் கருதுகிறேன். விசித்திரக் கட்டடங்களின் கவர்ச்சியில் அது எளிதில் மறைந்துவிடுகிறது.

செல்ல விரும்புவோர் ராபர்ட்ஸ்பிரிட்ஜ் ரயில் நிலையத்தில் இறங்கினால், பிரைட்லிங், போடியம் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம்.