ஆறாம் தலைமுறை ஐ5-இல் விண்டோஸ் 11 ஓடுமா, ஓடாதா?

ஈரோடு மெக்கானிக்:
இன்னொரு இழையில் 'ரிச்சி தெரு ரசிகர்' இப்படி எழுதியிருந்தார்: "வீட்டுக்குப் புது டெஸ்க்டாப் வாங்குகிறவனுக்குக் காசின் அருமை தெரியாது. நான் 13,500 ரூபாய்க்கு ஐ5 வாங்கினேன், விண்டோஸ் 11 ஜம்மென்று ஓடுகிறது. 30 ஆயிரம் கொட்டி ஐ3 வாங்குகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது." அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன். 17 வருஷமாகப் பெட்டி திறந்து மூடுகிறவன் நான், இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

அவர் வாங்கியது ஐ5-6500, இன்டெல்லின் ஆறாம் தலைமுறை ப்ராசஸர். 2015-இல் வந்தது, நான்கு கோர் (வேலை செய்யும் மூளை), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை). 2022-இல் வந்த ஐ3-12100-இல் நான்கு கோர், எட்டு த்ரெட். அது கிடக்கட்டும். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே பட்டியல் போட்டிருக்கிறது. ஆறாம் தலைமுறையில் ஓடாது. ஓடாது என்றால் ஓடாது.

ரிச்சி தெரு ரசிகர்:
மெக்கானிக் சார், இந்தப் பதிலை அந்தப் பெட்டியில் உட்கார்ந்துதான் அடிக்கிறேன். விண்டோஸ் 11 திறந்திருக்கிறது. மகள் பக்கத்து ஜன்னலில் யூடியூப் பார்க்கிறாள். ஓடாது என்கிறீர்களே, அப்படியானால் என் மேஜை மேல் ஓடிக்கொண்டிருப்பது என்ன, ஷேர் ஆட்டோவா?

ஈரோடு மெக்கானிக்:
உங்கள் கடைக்காரர் ரூஃபஸ் என்ற சாஃப்ட்வேரில் பென்டிரைவ் தயார் செய்து, மைக்ரோசாஃப்ட் வைத்த சோதனையைத் தாண்டி ஏற்றிக் கொடுத்திருக்கிறார். எனக்கும் அது தெரியும், நான் செய்வதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய அப்டேட் அதில் தானாக இறங்காது. மறுபடி பென்டிரைவோடு கடைக்குப் போக வேண்டும். அதற்குப் பெயர் ஓடுவது இல்லை, தள்ளிக்கொண்டு போவது.

ரிச்சி தெரு ரசிகர்:
மாதாமாதம் வரும் அப்டேட் இந்த மாதமும் வந்தது. ஓடுகிறது.

ஈரோடு மெக்கானிக்:
அப்டேட் கிடைக்கும் என்று உத்தரவாதம் கிடையாது என மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. இன்று வருகிறது, நாளை நின்றால் யாரைக் கேட்பீர்கள்? ஓடாது.

கோவை அம்மா:
ஏனுங்க, நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். பையன் ஒன்பதாவது. அவனுக்குப் பாடம் பார்க்க, எனக்கு டேலியில் கணக்குப் போட, கரண்ட் பில் கட்ட ஒரு டெஸ்க்டாப் வேண்டும். மானிட்டர் இருக்கிறது. கையில் 25 ஆயிரம். பழசு வாங்கட்டுமா, புதுசா?

ஈரோடு மெக்கானிக்:
அம்மா, பழசுதான் என்றால் ஐ5-8500-க்குக் கீழே இறங்காதீர்கள். அது எட்டாம் தலைமுறை, ஆறு கோர், விண்டோஸ் 11 நேர் வழியிலேயே ஏறும். எஸ்எஸ்டி, அதாவது ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்பு, கட்டாயம். பழைய ஹார்டு டிஸ்கோடு கொடுத்தால் வாங்காமல் திரும்பி வாருங்கள். ரேம் 8 ஜிபியாவது இருக்கட்டும். புதுசு என்றால் ஐ3-12100. பின்னால் 'எஃப்' என்று இருந்தால் தொடாதீர்கள், அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாமல் திரையில் படம் வராது.

மதுரை மல்லி:
அடேயப்பா, இப்போதுதான் எஃப் ஞாபகம் வருகிறதா? போன வருஷம் எனக்கு 12100 வாங்கச் சொன்னது நீங்கள்தான். கடையில் எஃப் கொடுத்தான், வீட்டுக்கு வந்து மாட்டினால் இருட்டுத் திரை. இரண்டு நாள் மானிட்டரைக் குறை சொல்லிக்கொண்டு இருந்தேன். கிராபிக்ஸ் கார்டுக்குத் தனியாக 3,800 தண்டம். அன்று இந்த எச்சரிக்கை எங்கே போயிற்று?

ஈரோடு மெக்கானிக்:
நான் 12100 என்றுதான் எழுதினேன், எஃப் என்று எழுதவில்லை. எடுத்துப் பாருங்கள். 800 ரூபாய் குறைகிறதே என்று எஃப் வாங்கியது நீங்கள்.

மதுரை மல்லி:
800 இல்லை, 1,100. அதையும் தப்பாகத்தான் சொல்கிறீர்கள்.

மின்ட் இலை:
இரண்டு பேரும் எதற்கு விண்டோஸைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? அதற்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போடுங்கள். ஆறாம் தலைமுறை என்ன, நான்காம் தலைமுறையிலும் பறக்கும்.

கோவை அம்மா:
அதில் டேலி வருமாங்க?

மின்ட் இலை:
விண்டோஸ் சாஃப்ட்வேரை லினக்ஸில் ஓட்டும் 'ஒயின்' போட்டு முயற்சி செய்யலாம்.

ரிச்சி தெரு ரசிகர்:
அந்த அம்மாவுக்கு டேலி வேண்டும், இவர் ஒயின் ஊற்றுகிறார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
இத்தனை பேரில் ஒருவர்கூடக் கணினி என்று எழுதவில்லை. பெட்டி, டெஸ்க்டாப், ஷேர் ஆட்டோ! படிக்கவே வருத்தமாக இருக்கிறது.

ஈரோடு மெக்கானிக்:
ஐயா, என் கடைப் பலகையில் 'கணினிப் பழுது நீக்கம்' என்றுதான் இருக்கிறது. வருகிறவர்கள் "சிஸ்டம் ரிப்பேர் பார்ப்பீங்களா" என்றுதான் கேட்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒருவர் இதே மாதிரி பழைய ஆபீஸ் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தார். உயிரே இல்லை. மூடியைக் கழற்றினேன். எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை) பக்கத்தில் இரண்டு பல்லி முட்டை. ஃபேனைத் தூக்கினால், ப்ராசஸர் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது. போனது எஸ்எம்பிஎஸ். அதை மாற்றிவிடலாம் என்று பார்த்தால், போர்டில் வழக்கமான 24 பின் இல்லை. அந்தக் கம்பெனி தனக்கென்று வைத்த சின்ன பின். எந்தக் கடையிலும் தொங்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் அதில் மாட்டாது. ஒன்பது நாள் அலைந்தேன். அவருடைய பெண் அந்த வாரம் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டியவள், கடை வாசலில் வந்து நின்றாள். 13,500 என்று எழுதுகிறவர்கள் அந்த ஒன்பது நாளையும் சேர்த்து எழுதுங்கள்.

ரிச்சி தெரு ரசிகர்:
அதற்குக் கன்வெர்ட்டர் ஒயர் கிடைக்கிறது. 17 வருஷ மெக்கானிக்குக் கன்வெர்ட்டர் தெரியாதா?

ஈரோடு மெக்கானிக்:
தெரியும். போட்டுப் பார்த்து, சூடாகிறது என்று கழற்றியதும் நான்தான். பேச்சை மாற்றாதீர்கள். கேள்வி விண்டோஸ் 11.

ரிச்சி தெரு ரசிகர்:
பல்லி முட்டையைக் கொண்டுவந்தது நானா? விண்டோஸ் 11 ஓடுகிறது.

ஈரோடு மெக்கானிக்:
ஏற்றுவது வேறு, ஓடுவது வேறு. ஓடாது.

மதுரை மல்லி:
1,100 என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கோவை அம்மா:
அண்ணா, காந்திபுரத்தில் ஒரு கடையில் 8500 கேட்டேன். இருக்கிறது, ஆனால் 8500டி என்கிறார்கள். இந்த 'டி' எஃப் மாதிரியாங்க?

ரிச்சி தெரு ரசிகர்:
இன்று காலையும் ஆன் செய்தேன். ஓடியது.