அப்பாவைப் பற்றி எழுதியதை அச்சில் விடலாமா?

சிப்புட் மகள்:
மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு பால்மர (ரப்பர்) தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள் நான். அந்தத் தோட்டம் இப்போது செம்பனைக் காடு. லயம் இருந்த இடம்கூடத் தெரியாது. முப்பது வருடத்துக்கு முன்பே எல்லாரும் பட்டணத்துத் தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்கு வந்துவிட்டோம். அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அம்மா என்னோடு இருக்கிறார்.

போன வருடம் சம்பள நாள் இரவுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அப்பா சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்துவிட்டு வருவதும், ஓர் இரவு பால் வாளியை எடுத்து அம்மாவின் முதுகில் அடித்ததும், நானும் அக்காவும், பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்கு ஓடிப்போய் விடியும்வரை உட்கார்ந்திருந்ததும் அதில் இருக்கிறது. எனக்கு அப்போது ஆறு வயது. கொட்டகை வாசலில் நின்றால், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களம் தெரியும். இருட்டு விலகும் முன்னே அம்மா முக்காடு போட்டுக்கொண்டு வந்து நின்றார். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார், பெயரைக் கூப்பிட்டார், சீவவேண்டிய மர நிரையைச் சொன்னார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கும் அம்மா மரம் சீவப் போனார்.

ஒரு மாத இதழ் இதைப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டது. விஷயம் சித்தப்பா காதுக்குப் போய், குடும்பப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் "செத்தவனைத் தெருவில் இழுக்காதே" என்று எழுதிவிட்டார். அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு "சோறு ஆறிப் போகுது" என்றார். அவ்வளவுதான். கொடுக்கலாமா, வேண்டாமா? இரண்டு பக்கமும் கேட்க நினைக்கிறேன்.

கிராணி வீட்டுப் பேரன்:
நானும் அதே ஊர்தான், தங்கச்சி. கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

பெயரை மாற்றிவிட்டேன் என்பீர்கள். நம் ஊரில் பெயர் எதற்கு? கோவிலுக்குப் பின்னால் இருந்த லயம், இரண்டு பெண்பிள்ளைகள், அப்பா இறந்து ஒன்பது வருடம் என்றால் போதும். ஒட்டுக்கடையில் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் யார் என்று சொல்லிவிடுவார்கள். இதழை வாசிக்கிறவர் அடுத்த மாதம் வேறு கட்டுரை வாசிக்கப் போய்விடுவார். உங்கள் அம்மா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அதே கோவிலுக்குத்தான் போகவேண்டும், அதே பெண்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். "சோறு ஆறிப் போகுது" என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பாட்டியும் வேண்டாம் என்பதை அப்படித்தான் சொல்வார்.

செம்பனைக்காடு:
லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் என்ன இருந்தது, அண்ணா? ஒரு பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் குழந்தை இருமினால்கூடக் கேட்கும். அந்தக் கோவில் பெண்கள் எல்லாரும் அன்றைக்கே கேட்டவர்கள். கேட்டும் கேட்காத மாதிரி இருந்தார்கள், ஏனென்றால் அடுத்த சம்பள நாளில் அவர்கள் வீட்டிலும் அதே சத்தம்.

அந்தக் காலத்தில் போலீசுக்குப் போனால் "குடும்ப விஷயம், வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள். என் பெரியம்மா அப்படித் திரும்பி வந்தவர். இந்த நாட்டில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-ல் நிறைவேறி, 1996-ல்தான் நடைமுறைக்கு வந்தது. பெண்கள் வருடக்கணக்கில் வாய்விட்டுப் பேசியதால் வந்த சட்டம் அது. குடும்ப மானம் என்று எல்லாரும் வாயை மூடியிருந்தால் அதுவும் வந்திருக்காது. அச்சில் வரட்டும்.

ஓய்வாசிரியர்:
என் தாத்தாவை 1943-ல் ஜப்பான்காரர்கள் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. அவர் திரும்பி வந்தார், தம்பி வரவில்லை. அதற்குப் பிறகு நாற்பது வருடம் உயிரோடு இருந்தார். மழை பிடித்தால் வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றுகொண்டே இருப்பார். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. அவரோடு எல்லாம் போய்விட்டது.

அதே பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் நாட்குறிப்பு எழுதினார்கள், படம் வரைந்து ஒளித்து வைத்தார்கள், ஊர் திரும்பிப் புத்தகம் போட்டார்கள். அவர்களில் இறந்தவர்கள் 12 ஆயிரத்துக்கும் மேல். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மைப் போன்ற ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு இறந்தார்கள். பெரும்பாலோர் பெயர்கூட எங்கும் இல்லை. எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அம்மா. அதனால் எழுதுங்கள் என்பேன். அச்சில் வருவதைப் பற்றி எனக்கே இன்னும் தெளிவில்லை.

கிராணி வீட்டுப் பேரன்:
ஐயா, உங்கள் தாத்தா கதை வேறு. அங்கே அடித்தவன் வெளியிலிருந்து வந்தவன். துப்பாக்கி பிடித்து வந்தவனைப் பற்றி எழுதினால் வீட்டில் யாருக்கும் தலை குனியாது. இங்கே அடித்தவர் அப்பா. அவருக்குத் திவசம் கொடுக்கிற வீடு இது. அவர் பதில் சொல்லவும் முடியாது. ஒருவேளை நாள் முழுக்க மரம் சீவி, மழையில் பால் கெட்டு, கூலியில் பிடித்தம் போக மிச்சத்தை வாங்கிக்கொண்டு வந்தவர்தான் அன்றிரவு அந்த வாளியை எடுத்தாரோ என்னவோ. அடித்ததை நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பாதி கட்டுரையில் இருக்கிறதா?

தாதி, ஈப்போ:
நான் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். இங்கே இரண்டு விஷயம் ஒன்றாகக் கலந்துவிட்டது. அமெரிக்காவில் பென்னிபேக்கர் என்ற உளவியல் அறிஞர் 1986-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். பல்கலைக்கழக மாணவர்களை நான்கு நாள், ஒரு நாளைக்கு 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் இன்னும் கனத்தது. ஆனால் நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், பிறகு வந்த ஆறு மாதத்தில் சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். அதற்கப்புறம் இதைப் பற்றி நிறைய ஆய்வுகள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் பலன் ஒரே அளவில் இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த மாணவர்கள் எழுதியதை யாரும் அச்சில் போடவில்லை. பெயர் வெளியே வரவில்லை. ஆறுதல் எழுதுவதில் கிடைத்தது. அச்சில் வருவது தனி வேலை, அதற்குத் தனிக் காரணம் வேண்டும். தங்கச்சி, ஆறுதலுக்காக என்றால் அது எழுதும்போதே பாதி கிடைத்திருக்கும். வேறு எதற்காக அச்சில் வரவேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

சட்ட அலுவலகக் குமாஸ்தா:
சட்டமும் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன். இறந்தவர் பெயரைக் கெடுத்ததாகச் சிவில் வழக்குப் போட முடியாது. ஆனால் தண்டனைச் சட்டம் 499-ஆம் பிரிவின் முதல் விளக்கம், இறந்தவர் உயிரோடு இருந்தால் பெயர் கெடும்படியாகவும், குடும்பத்தார் மனம் நோகவேண்டும் என்ற நோக்கத்தோடும் சொல்லப்பட்டது அவதூறு ஆகலாம் என்கிறது. நோக்கம்தான் முக்கியம். உண்மையை, பொது நன்மைக்காகச் சொன்னால் விலக்கும் உண்டு. சித்தப்பா உயிரோடு இருக்கிறார் இல்லையா? கட்டுரையில் அவரைப் பற்றி ஏதாவது இருந்தால் அந்த இடத்தை இன்னொரு முறை பாருங்கள்.

சிப்புட் மகள்:
சித்தப்பா கட்டுரையில் இல்லை, குமாஸ்தா சார். அன்று அவர் வரவே இல்லை. அதுதான் அவருக்கு உறுத்துகிறதோ என்று நினைக்கிறேன்.

தாதி அக்கா கேட்டதற்குப் பதில். எங்கள் தாமானில் இன்றைக்கும் சனிக்கிழமை ராத்திரியில் அந்தச் சத்தம் கேட்கிறது. சம்சு போய் பீர் வந்திருக்கிறது. அந்த வீட்டில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். அவளுக்கு முன்னால் ஒருத்தி அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியவேண்டும்.

செம்பனைக்காடு:
இது போதாதா? தமிழ்நாட்டு எழுத்தாளர் பாமா தன் வாழ்க்கையை எழுதிய 'கருக்கு' 1992-ல் வந்தபோது அவருடைய சொந்த ஊரே கோபப்பட்டது. கொஞ்ச காலம் ஊருக்குள் போகவே முடியாமல் இருந்தார். ஊர்ப்பெயரைக் கெடுத்துவிட்டாள் என்றுதான் அப்போதும் பேச்சு. இன்றைக்கு அந்தப் புத்தகத்தைக் கல்லூரிகளில் படிக்கிறார்கள்.

கிராணி வீட்டுப் பேரன்:
அந்தக் கோபத்தை அவரே தாங்கினார். இங்கே தாங்கப்போவது எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா. எழுதுகிறவர் தன் காயத்தைக் காட்டட்டும், உரிமை உண்டு. அடுத்தவர் முதுகைத் திறந்து காட்ட அவரைக் கேட்கவேண்டாமா?

ஓய்வாசிரியர்:
பேரன் சொன்னதைப் படித்ததும் ஒன்று தோன்றுகிறது. கட்டுரையில் இரண்டு பெண்பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஒருத்தி எழுதியிருக்கிறாள். இன்னொருத்தியிடம் காட்டினீர்களா, அம்மா?

சிப்புட் மகள்:
மூன்று நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஐயா கேட்டது என்னைத் தூங்கவிடவில்லை. அக்காவிடம் நான் கேட்கவே இல்லை. கிள்ளானில் இருக்கிறாள். அனுப்பினேன். நேற்று ராத்திரி கூப்பிட்டாள்.

அந்த இரவு வாளி அம்மா மேல் படவில்லையாம். அக்கா குறுக்கே போயிருக்கிறாள். அவளுக்குப் பதினோரு வயது. அவள் தோளில் விழுந்திருக்கிறது. நான் மட்டும்தான் ஓடியிருக்கிறேன், அவள் வெகு நேரம் கழித்துத்தான் கொட்டகைக்கு வந்தாளாம். நாற்பது வருடமாக அவள் என் கூடவே ஓடிவந்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கையைப் பிடித்திருந்தது வரை ஞாபகம் இருக்கிறது. மறுநாள் அப்பாதான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசரிடம் போனாராம். மரத்திலிருந்து விழுந்துவிட்டாள் என்று அப்பா சொல்ல, இவள் ஆமாம் என்றாளாம். வழியெல்லாம் அப்பா அழுதுகொண்டே போனார், அதையும் எழுது என்றாள். "போடு, வேண்டாம்னு சொல்லல. என் தோள அம்மா முதுகா ஆக்கிடாத" என்றாள்.

ஒலிபெருக்கியில்தான் பேசிக்கொண்டிருந்தோம். அக்கா வலது தோள் என்று ஏதோ சொல்லும்போது சமையல்கட்டிலிருந்து அம்மா, "எடது" என்றார். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிவரை பேசினார். நான் ஒன்றும் எழுதவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

இன்று காலை இதழுக்குப் போன் செய்து இந்த மாதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதலிலிருந்து எழுதவேண்டும்.

கிராணி வீட்டுப் பேரன்:
என் எண்ணம் மாறவில்லை, தங்கச்சி. ஆனால் அம்மா நேற்று பேசியதில் ஒரு வரியைக்கூட அவரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள்.

சிப்புட் மகள்:
சரி, அண்ணா. ஒவ்வொரு பக்கமாக அவருக்கு வாசித்துக் காட்டப்போகிறேன். சாப்பாட்டு நேரத்தில் இல்லை.