பாப்பாவின் சைக்கிளும் திருச்சி சாலையும்

அம்மா: பள்ளியில் கொடுத்த அரசு சைக்கிள் வந்த நாள் முதல் திண்ணையிலேயே நிற்கிறது. திங்கட்கிழமை முதல் அதில்தான் போவேன் என்று பாப்பா பிடிவாதமாக இருக்கிறாள். திருச்சி சாலையில் டிப்பர் லாரிகள் போகும் வேகத்தை நினைத்தாலே எனக்குக் குலை நடுங்குகிறது. பெரியவர்கள் ஒரு முடிவு சொல்லுங்கள்.

அப்பத்தா: வேண்டாம். பஸ்ஸிலேயே போகட்டும்.

பெரியப்பா: தனியாக என்றால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், தெருப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து போனால் பேச்சே வேறு. கலிஃபோர்னியா நகரங்களின் கணக்கையும் டென்மார்க், நெதர்லாந்து முதலிய நாடுகளின் கணக்கையும் ஆராய்ந்த பீட்டர் ஜேக்கப்சன், சைக்கிள் ஓட்டுவோர் இரண்டு மடங்கானால் ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 2003-இல் எழுதினார். எப்போதாவது ஒரு சைக்கிளைப் பார்க்கும் ஓட்டுநர் அதை எதிர்பார்ப்பதே இல்லை. நாள்தோறும் கூட்டமாகப் பார்ப்பவருக்கோ திருப்பம் வந்தாலே கால் பிரேக்குக்குப் போய்விடும்.

அத்தை: உண்மைதான் அண்ணே. 1991-இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் நம் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகியபோது, தனியாகப் போனவளை உரசுவதுபோல் வண்டி விட்டவர்களே, கூட்டமாகப் போனபோது ஒதுங்கி வழிவிட்டார்கள். நம் வீட்டில் உங்களுக்குத்தான் சைக்கிள் வாங்கினார்கள். நான் வாடகைச் சைக்கிளில்தான் பழகினேன்.

அப்பத்தா: அந்தக் கதை இப்போது எதற்கு?

அப்பா: அண்ணன் சொன்ன கணக்கின்படியே, ஆட்கள் இரண்டு மடங்கானால் மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு கூடவும் செய்யும். நெதர்லாந்தில் 1971-இல் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள் என்பதால் பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதன்பிறகு அங்கே சைக்கிளுக்கென்று தனிப் பாதைகள் பெருகின. கூட்டத்தால் பாதுகாப்பு வந்ததா, பாதை கிடைத்ததால் கூட்டம் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். நம் சாலை ஓரத்தில் மணல்தானே கிடக்கிறது?

பெரியப்பா: அதனால்தான் இதையும் சொல்கிறேன். பெட்ரோல் பங்க் அருகே இடப்பக்கம் திரும்பும் லாரியை ஒட்டி நிற்கும் சைக்கிள், லாரி ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். எத்தனை பேர் சேர்ந்து போனாலும் இடது ஓரத்தில் நுழையாமல் லாரிக்குப் பின்னாலேயே நிற்க வேண்டும்.

சித்தி: எங்கள் தெருவிலிருந்து நான்கு பிள்ளைகள் வருவார்கள், ஆனால் ஒருத்திக்கு இன்னும் கால் எட்டவில்லை.

அம்மா: அப்படியானால் ஞாயிறன்று பாப்பாவின் அப்பா வந்ததும் எல்லாரையும் குளத்துக்கரை வழியாக ஒருமுறை ஓட்ட வைத்துப் பார்க்கலாம். திங்கட்கிழமையைப் பற்றி அதன்பிறகு பேசுவோம் மாமா.

அப்பத்தா: பஸ் பாஸைத் தொலைத்துவிடாதே.