பனிக்காலத்துக்கு ஏழு இருக்கைப் பழைய வண்டி: வேனா, எஸ்யூவியா?

கேள்வி: மூன்று பிள்ளைகளின் தாய்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நானும் என் கணவரும், பத்து, ஆறு, இரண்டு வயதுள்ள மூன்று பிள்ளைகளும், முழங்கால் வலியுள்ள என் மாமியாரும் என மொத்தம் ஆறு பேர். இப்போதிருக்கும் ஐந்து இருக்கைக் காரில் எங்கே போனாலும் ஒருவரை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அப்படி விடப்படுபவர் மாமியார்தான் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆகவே ஆறு முதல் பத்து ஆண்டு பழைய, ஏழு அல்லது எட்டு இருக்கையுள்ள வண்டி ஒன்றை வாங்கத் தீர்மானித்திருக்கிறோம்.

நாங்கள் வசிக்கும் இடத்தில் ஆண்டில் ஐந்து மாதம் பனி பெய்யும். பெரிய சாலைகளில் பனியை ஒதுக்கி உப்புத் தூவிவிடுவார்கள். எங்கள் தெருவுக்குப் பனி ஒதுக்கும் வண்டி வர அரைநாள் ஆகும். நான்கு சக்கர இயக்கமுள்ள எஸ்யூவியே வேண்டும் என்பது என் கணவரின் கட்சி. நானோ, நாங்கள் பார்த்த எஸ்யூவிகளின் மூன்றாம் வரிசையில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, அங்கே யாரை உட்காரவைப்பது என்ற கவலையோடு திரும்பி வந்தேன். முன்சக்கர இயக்கம் மட்டுமே உள்ள மினிவேன் பனியில் தாக்குப்பிடிக்குமா? குறைந்த தூரம் ஓடிய பழைய வண்டி நல்லதா, அதிக தூரம் ஓடிய புதிய வண்டி நல்லதா? வாங்குவதற்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: முன்னாள் எஸ்யூவிக்காரன்

சகோதரி, உங்கள் கணவரின் கட்சியில் நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியேறியவன் நான். அதனால் இரு பக்க நியாயமும் எனக்குத் தெரியும். நான்கு சக்கர இயக்கம் நின்ற இடத்திலிருந்து கிளம்பவும் மேட்டில் ஏறவும் உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிரேக்கை மிதிக்கும்போது எல்லா வண்டிகளும் ஒன்றுதான், ஏனென்றால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் இல்லாத கார் கிடையாது; அப்போது வண்டியை நிறுத்துவது தரையைப் பற்றியிருக்கும் டயர் மட்டுமே. என் எஸ்யூவியில் எல்லாப் பருவத்துக்கும் பொதுவான டயர்களைப் போட்டுக்கொண்டு, கிளம்பும்போது வழுக்கவில்லை என்ற தைரியத்தில் வேகமாகப் போய், ஒரு முச்சந்தியில் நிற்க முடியாமல் பனிக்குவியலில் மூக்கைச் செருகிய நாளில்தான் இந்த வேறுபாடு எனக்கு விளங்கியது.

வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே போகும்போது சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது. பனிக்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாக இருக்கும்படி செய்யப்பட்டது. பக்கவாட்டில் மூன்று மலைமுகடுகளுக்கு நடுவே பனித்திவலை வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்; சேறு, பனி என்பதைக் குறிக்கும் வெறும் எம்+எஸ் எழுத்துகளை நம்ப வேண்டாம், அதைப் பொறிக்கப் பனியில் ஓட்டிப் பார்க்கும் சோதனை எதுவும் தேவையில்லை. வண்டியோடு பனிக்கால டயர்களும் சேர்த்துத் தருகிறோம் என்று விற்பவர் சொன்னால் மகிழ்ச்சியில் மயங்காமல், தடக்குழியின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று அளந்துவிட்டு, பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். 3519 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். தேயாமலே கிடந்து கெட்டியாகிப்போன டயர் பார்வைக்குப் புதிதாகத்தான் இருக்கும்.

மூன்றாம் வரிசையைப் பற்றி நீங்கள் கண்டது சரிதான். பெரும்பாலான நடுத்தர எஸ்யூவிகளில் அது எப்போதாவது வரும் விருந்தாளிக்குக்கூட அல்ல, விருந்தாளியின் பிள்ளைக்குத்தான். அதை நிமிர்த்தினால் பின்னால் ஒரு குழந்தைத் தள்ளுவண்டிக்குக்கூட இடம் மிஞ்சாது. மினிவேனிலோ கடைசி வரிசைக்குப் பின்னால் ஆழமான பள்ளம் ஒன்று இருக்கும். வண்டி பார்க்கப் போகும்போது குழந்தை இருக்கைகள் இரண்டையும் கையோடு எடுத்துச் சென்று பொருத்திப் பாருங்கள், மாமியாரையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். நடுவரிசையில் குழந்தை இருக்கையைப் பொருத்திய பிறகும் மூன்றாம் வரிசைக்குப் போக வழி இருக்கிறதா என்பதே உண்மையான சோதனை. காலியான வண்டியில் எல்லா இருக்கையும் அழகாக மடங்கும்.

தடித்த குளிர்ச்சட்டையோடு குழந்தையை இருக்கையில் உட்காரவைத்துப் பட்டையை மாட்டக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மோதலில் சட்டையின் பஞ்சு அமுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். ஆகவே உள்ளே ஏறிய பிறகு சட்டையைக் கழற்ற இடம் வேண்டும், பின்வரிசைக்குச் சூடான காற்றும் சீக்கிரம் வர வேண்டும். சறுக்குக் கதவும் தாழ்ந்த தளமும் உள்ள வேனில் இந்த வேலைகளை முதுகு ஒடியாமல் செய்யலாம்.

பதில் 2: பட்டறைக்காரர்

முந்தைய நண்பர் டயரைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் துருவைப் பற்றிச் சொல்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டறையில் நிற்கிறேன். உப்புத் தூவும் சாலைகளில் ஓடிய வண்டிகளில் எஞ்சின் செத்து வந்தவற்றைவிட, எஞ்சின் நன்றாக இருக்கும்போதே அடிப்பகுதி அரித்துப்போய் வந்தவைதாம் அதிகம். எஞ்சினை மாற்றலாம், கியர்பெட்டியை மாற்றலாம்; பிரேக் குழாய், எரிபொருள் குழாய், சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம், கதவுக்குக் கீழுள்ள பக்கவிளிம்பு ஆகியவை ஒருசேர அரித்துவிட்டால் அந்த வண்டிக்குச் செலவு செய்வதில் பொருளில்லை. ஆகவே உங்கள் இரண்டாம் கேள்விக்கு என் விடை இது: ஓடிய தூரத்தைவிடக் கடந்துவந்த பனிக்காலங்களின் எண்ணிக்கையையே முதலில் கணக்கிடுங்கள். நெடுஞ்சாலையில் சீராக ஓடி, நேரத்துக்கு எண்ணெய் மாற்றப்பட்ட 1,50,000 கிலோமீட்டர் வண்டி, பத்துப் பனிக்காலம் சிறு சிறு தூரங்களுக்கு மட்டும் ஓடி எஞ்சின் சூடாகாமலே அணைக்கப்பட்ட 70,000 கிலோமீட்டர் வண்டியைவிட நல்லதாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய், வண்டியை மேலே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் பேச்சைத் தொடர வேண்டியதில்லை. அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் அது பாதுகாப்பா, ஒப்பனையா என்று சந்தேகப்படுங்கள்; துருப்பிடிக்காதிருக்க ஆண்டுதோறும் எண்ணெய் தெளிக்கப்பட்ட வண்டியின் அடிப்பகுதி அழுக்காகவும் பிசுபிசுப்பாகவும் இருக்குமே தவிர, பளபளவென்று இருக்காது. மினிவேன்களில் தனியாகப் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, பின்வரிசை ஹீட்டருக்குச் சூடான கூலன்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, கொண்டுபோகும் குழாய்கள். பல வண்டிகளில் இவை அடித்தளத்தின் வழியாகப் பின்னால் போகின்றன. அரித்து ஒழுகினால் பின்னால் இருப்பவர்கள் குளிரில் நடுங்குவதோடு எஞ்சினும் சூடேறிக் கெடும். மற்றொன்று, சறுக்குக் கதவின் தடமும் மோட்டார் இழுக்கும் கம்பியும். பத்துமுறை திறந்து மூடிப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் முடுக்கிப் பார்க்க வேண்டும். நான் வருவதற்கு முன் முடுக்கிவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்; போனதும் பானட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகும்போது பிழைக்குறி இல்லை என்பதோடு திருப்தியடைய வேண்டாம்; அந்தக் கணினி தானே செய்துகொள்ளும் உள் சோதனைகள் முடிவடைந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல சோதனைகள் ஒன்றாக முடியாமல் இருந்தால், அண்மையில் யாரோ பிழைக்குறிகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

வட அமெரிக்கச் சந்தையில் விற்ற வண்டிகளை வைத்துச் சில குறிப்புகள். 2010களின் டொயோட்டா சியன்னாவில் நான்கு சக்கர இயக்கமும் உண்டு. ஆனால் அந்த வகை வண்டிகள் உபரிச் சக்கரம் இல்லாமல், காற்றிறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-பிளாட் டயர்களோடு வந்தவை, அந்த டயர்கள் விலை கூடியவை. 2021 முதல் வந்த சியன்னா முழுக்க ஹைபிரிட். அதில் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியின் பின்சக்கரங்களைத் தனி மின்மோட்டார் சுழற்றும். ஹோண்டா ஒடிஸி அங்கே முன்சக்கர இயக்கத்தோடு மட்டுமே விற்கப்பட்டது. ஒடிஸியின் வி6 எஞ்சினிலும், 2022 வரை வந்த ஹோண்டா பைலட்டிலும், வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் உண்டு. பொதுவாக 1,60,000 கிலோமீட்டர் அளவில் மாற்றப்படும் அதை, மைனஸ் 29 பாகைக்கும் கீழான குளிரில் வழக்கமாக ஓட்டுபவர்கள் 1,00,000 கிலோமீட்டரிலேயே மாற்ற வேண்டும் என்று கையேடு சொல்கிறது. பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சின் போய்விடும். மாற்றியதற்கான ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

பதில் 3: மலைப்பாதைவாசி

வேனுக்கு ஆதரவாக இவ்வளவு ஒருமனதாக எழுதப்படுவதைப் பார்த்து ஒரு மாற்றுக் குரலை வைக்கிறேன். முன்சக்கர இயக்க வேன் வழுக்கும் சாலையில் நன்றாகவே ஓடும் என்பதை மறுக்கவில்லை. எஞ்சினின் எடை இயங்கும் சக்கரங்களின் மேலேயே இருப்பது அதற்குச் சாதகம். ஆனால் வழுக்கல் வேறு, ஆழம் வேறு. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி மினிவேனில் ஏறத்தாழ 16 சென்டிமீட்டரோ அதற்கும் குறைவோ, எஸ்யூவிகளான டொயோட்டா ஹைலேண்டரில் ஏறத்தாழ 20, 2019 மாடலாக அறிமுகமான சுபாரு அசென்டில் ஏறத்தாழ 22. பனி அதைவிட உயர்ந்தால் வண்டி பனியின் மேல் வயிற்றை வைத்துப் படுத்துவிடும்; அதன் பிறகு எந்த டயராலும் பயனில்லை. நான் இருப்பது செங்குத்தான, தனியார் பாதையின் முடிவில். பனியை நாங்களேதான் ஒதுக்க வேண்டும். எனக்கு எஸ்யூவி ஆடம்பரமல்ல.

எனவே சகோதரி, உங்கள் தெருவுக்குப் பனி ஒதுக்கும் வண்டி வருவதற்கு முன்னரே நீங்கள் வெளியேறியாக வேண்டிய நாட்கள் ஒரு பனிக்காலத்தில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டோ மூன்றோ என்றால் மண்வெட்டியும் பொறுமையும் போதும். வாரம் ஒருமுறை என்றால் உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் வாங்கினால் நான்கு டயர்களின் தேய்மானமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். ஒன்று கிழிந்தால் சில வேளை நான்கையும் மாற்ற நேரும்.

மீண்டும் கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தோம், சென்ற பனிக்காலத்தில் அப்படிப்பட்ட நாட்கள் நான்கு, அவற்றில் இரண்டு பள்ளி விடுமுறை நாட்கள். என் கணவர் மௌனமாக இருக்கிறார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு இரண்டு மினிவேன்களைப் பார்த்துவிட்டு வந்தோம். முதலாவது பத்து ஆண்டு பழையது, 85,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருக்கிறார்கள். இரண்டாவது ஆறு ஆண்டு பழையது, 1,45,000 கிலோமீட்டர், ஒரே உரிமையாளர், எண்ணெய் மாற்றிய ரசீதுகள் அனைத்தும் ஒரு கோப்பில் இருக்கின்றன, ஆனால் டைமிங் பெல்ட் இன்னும் மாற்றவில்லை. விலையில் பெரிய வேறுபாடு இல்லை.

பதில் 2: பட்டறைக்காரர்

இரண்டாவது. பெல்ட் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். மாற்றும்போதே தண்ணீர்ப் பம்பையும் மாற்றிவிடுங்கள், எப்படியும் அதே இடத்தைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். முதலாவதின் மேல் இன்னும் ஆசை இருந்தால் தூக்கிப் பார்க்கும் கூலியை மட்டும் செலவழித்துப் பாருங்கள். எதை வாங்கினாலும் 17 எழுத்துகள் கொண்ட அடையாள எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் கொடுத்து, தயாரிப்புக் குறைபாட்டுக்காக வண்டியைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்; அந்தப் பழுதுகளை அவர்கள் இலவசமாகச் சரிசெய்வார்கள். பேட்டரியையும் சோதிக்கச் சொல்லுங்கள். அதன் மேல் எழுதியிருக்கும் குளிர்த்தொடக்க அளவு, அதாவது குளிரில் எஞ்சினை முடுக்க அது தரும் மின்னோட்டம், மைனஸ் 18 பாகையில் அளக்கப்பட்டது. ஆறு ஆண்டுப் பழைய பேட்டரி அதில் பாதியைக்கூடக் கொடுக்காமல் போகலாம்.

மீண்டும் கேள்வி கேட்டவர்

இரண்டையுமே தூக்கிப் பார்த்தோம். முதலாவதின் கறுப்புப் பூச்சை மெக்கானிக் திருப்புளியால் தட்டியபோது, பக்கவிளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பகுதி உதிர்ந்து தரையில் விழுந்தது. விற்பவர் அதைக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டாவதை வாங்கிவிட்டோம். பெல்ட் அடுத்த வாரம் மாற்றப்படுகிறது. பனிக்கால டயர்களை அதற்கென்று தனியாக வாங்கிய, ஓரங்குலம் சிறிய எஃகு ரிம்களில் ஏற்றச் சொல்லியிருக்கிறோம். ரிம் பிரேக்கில் இடிக்காது என்று மெக்கானிக் பார்த்துச் சொல்லிவிட்டார். மாமியார் சறுக்குக் கதவின் வழியாகக் கைப்பிடியைப் பிடித்துத் தானாகவே ஏறி, நடுவரிசையில் சன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, பின்னால் சூடான காற்று எந்தத் துளையிலிருந்து வருகிறது என்று கையை நீட்டித் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். மூத்தவனுக்கு மூன்றாம் வரிசை முழுவதும் தன்னுடையது என்பதில் பெருமை. என் கணவர் மட்டும், தெருவுக்குப் பனி ஒதுக்கும் வண்டி என்றைக்கெல்லாம் தாமதமாக வருகிறது என்று நாட்காட்டியில் இந்த ஆண்டு முதல் குறித்துவரப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.