காட்பாடி மேம்பாலம் ஏறும்போது கார் மிஸ் அடிக்கிறது, பெட்ரோல் பம்ப் மாற்ற வேண்டுமா?

குடியாத்தம்வாசி:
வணக்கம். 2014 மாடல் பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர், 82,000 கி.மீ. ஓடியது. ஐடிலில், அதாவது நின்றபடி இன்ஜின் ஓடும்போது, ஒரு தொந்தரவும் இல்லை. மெதுவாக ஓட்டினாலும் சரியாகவே போகிறது. காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறினால், அல்லது பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் லாரியை முந்த ஆக்சிலேட்டரை அழுத்தினால், விக்கல் எடுத்த மாதிரி வண்டி விட்டு விட்டுக் குலுங்குகிறது. காலையில் குறைவு, மதிய வெயிலில் அதிகம். அந்த நேரத்தில் மட்டும் இன்ஜின் விளக்கு மின்னி மின்னி அணைகிறது. பட்டறையில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்ப் போய்விட்டது, 9,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற வண்டி இதுதான். முந்துகிற நேரத்தில் இழுவை போய்விட்டால் என்ன செய்வது? யாராவது வழி சொல்லுங்கள்.

வாணியம்பாடி டிரைவர்:
பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் சார். இப்போது எத்தனால் கலந்து வருவதால் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. டேங்கை காலி செய்து, வேறு பெட்ரோல் பங்க்கில் போட்டுப் பாருங்கள்.

ஆற்காடு மெக்கானிக்:
தம்பி, பம்புக்குப் பணம் கொடுக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. முதலில் இரண்டு கேள்வி. ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்களா? பொறி தருகிற பிளக் மேலேயே அதற்கு வோல்டேஜ் ஏற்றித் தருகிற காயில் உட்கார்ந்திருக்கிறதா, இல்லை ஒரே காயிலிலிருந்து வயர் போகிறதா?

டிரைவர் அண்ணன் சொல்வதும் நடக்கிற விஷயம்தான். ஆனால் தண்ணீர் என்றால் பெட்ரோல் போட்ட கையோடு ஆரம்பிக்கும், ஐடிலிலும் இன்ஜின் ஆடும். இவருக்கு அப்படி இல்லை.

குடியாத்தம்வாசி:
அண்ணா, அவர்கள் ஸ்கேனர் போடவில்லை. பக்கத்து வீட்டில் வண்டிக் கோளாறைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவி இருந்தது, அதை வாங்கிப் போட்டேன். பி0302 என்று எரர் கோடு காட்டுகிறது. ஒவ்வொரு பிளக் மேலேயும் தனித்தனி காயில் இருக்கிறது.

ஆற்காடு மெக்கானிக்:
பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அதில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. இப்போது யோசியுங்கள். பம்ப் பலவீனமாக இருந்தால் நான்கு சிலிண்டருக்கும்தானே பெட்ரோல் குறையும்? இரண்டாவது மட்டும் ஏன் விட வேண்டும்? பம்போ டேங்க் ஃபில்டரோ மக்கர் செய்தால் வண்டி பெரும்பாலும் வெட்டி வெட்டி இழுக்காது, மொத்தமாகச் சோர்ந்து போகும். ஒரே சிலிண்டர் என்றால் அதன் பிளக், காயில், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர், கடைசியாக வால்வும் கம்ப்ரஷனும் (சிலிண்டர் அழுத்தம்). இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும்.

ஏறும்போது மட்டும் ஏன் என்றால், ஐடிலில் சிலிண்டருக்குள் காற்று குறைவு, அழுத்தமும் குறைவு, லேசான பொறியே போதும். ஆக்சிலேட்டரை அழுத்தினால் காற்று நிறைய நுழைந்து அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில் பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். பிளக் தேய்ந்திருந்தாலோ காயில் ரப்பரில் விரிசல் இருந்தாலோ பொறி பிளக் நுனிக்குப் போகாமல் பக்கவாட்டில் ஹெட்டுக்கு (இன்ஜினின் மேல்பாகம்) தாவிவிடும். சூட்டில் காயிலின் இன்சுலேஷன் இன்னும் பலவீனமாகும். நம்ம வேலூர் வெயிலில் மதியம் கூடுகிறது என்று நீங்கள் எழுதியதுமே எனக்கு காயில் மேல்தான் சந்தேகம் போனது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லை. இன்ஜின் ஆறட்டும். இரண்டாவது சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள், மூன்றாவதை இரண்டில் போடுங்கள். பிளக்கைத் தொடாதீர்கள். ஓபிடி கருவியில் அந்த எரர் கோட்-ஐ அழித்துவிட்டு ஒரு மேடு ஏறிப் பாருங்கள். பி0303 என்று மாறினால் காயில். பி0302-ஆகவே நின்றால் அடுத்து பிளக்கை இதேபோல மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

விளக்கு மின்னும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கி உருக்கிவிடும். அது போனால் பம்ப் விலையெல்லாம் ஒன்றுமே இல்லை.

வாணியம்பாடி டிரைவர்:
இருட்டில் பானெட்டைத் திறந்து தண்ணீர் தெளித்தால் பொறி தாவுவது தெரியும் என்பார்களே?

ஆற்காடு மெக்கானிக்:
அது பிளக் வயர் உள்ள பழைய வண்டிக்கு அண்ணே. இதில் காயில் பிளக் இறங்கியிருக்கும் குழிக்குள்ளே இருக்கிறது, ஒன்றும் தெரியாது. வீணாகத் தண்ணீர்தான் உள்ளே இறங்கும்.

குடியாத்தம்வாசி:
அண்ணா, கோடு பி0303 ஆகிவிட்டது! கழற்றும்போது இன்னொன்றும் பார்த்தேன். இரண்டாவது குழிக்குள் ஆயில் தேங்கியிருக்கிறது. அந்த காயிலின் ரப்பர் உப்பிப்போய், நுனியில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு.

ஆற்காடு மெக்கானிக்:
ரொம்ப நல்லதாகப் போயிற்று. வேர் அந்த ஆயில்தான். டேப்பட் கவர் (இன்ஜின் மேல்மூடி) பேக்கிங்கும் பிளக் குழி சீலும் காய்ந்து கசிகிறது, ஆயில் பட்டு ரப்பர் கெட்டுவிட்டது. காயிலை மட்டும் மாற்றினால் புதுசும் இதே கதிக்கு வரும். பேக்கிங் செட் சேர்த்து மாற்றுங்கள். பழைய பிளக்கைக் கழற்றும் முன்னால் குழியில் உள்ள ஆயிலை துணி விட்டு ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் இறங்கும். நான்கு பிளக்கும் புதிதாகப் போடுங்கள், பிளக் நுனி இடைவெளி எவ்வளவு என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். முதலில் கையாலேயே மரை ஏற்றுங்கள். ஹெட் அலுமினியம், ஸ்பேனர் போட்டு முரட்டுத்தனமாக ஏற்றினால் மரை போய்விடும்.

குடியாத்தம்வாசி:
காயில் ஒன்று, பிளக் நான்கு, பேக்கிங் எல்லாம் மாற்றியாகிவிட்டது. பம்புக்குச் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை. மத்தியானம் ஏசி போட்டு மேம்பாலம் ஏறினேன், ஒரு உதறல் இல்லை. கோடும் வரவில்லை. அம்மாவோடு நிம்மதியாகப் போகலாம். மிக்க நன்றி அண்ணா.

ஆற்காடு மெக்கானிக்:
சந்தோஷம் தம்பி. ஒரு வாரம் ஓட்டிவிட்டு இரண்டாவது காயிலை மறுபடி தூக்கிப் பாருங்கள். குழி காய்ந்திருந்தால் வேலை முடிந்தது. ஈரம் தெரிந்தால் பேக்கிங் சரியாக உட்காரவில்லை, கவர் போல்ட்டை அவர்களிடமே சரிபார்க்கச் சொல்லுங்கள்.