காண்டாமிருகத்தின் முதுகில் இன்னொரு கொம்பு

அக்கா: [படம்] பாப்பா ஏதோ பழைய ஓவியத்தைப் பார்த்து வரைந்தாள். தோள் மேல் எதற்கு இன்னொரு குட்டிக் கொம்பு என்றால், "அதில் அப்படித்தான் இருக்கிறது" என்கிறாள்.

அத்தை: என் கண்ணே பட்டுவிடும். சாயங்காலம் சுற்றிப் போடு.

தம்பி: உடம்பெல்லாம் இரும்புத் தகடு வேறு!

பெரியப்பா: பாப்பா சரியாகத்தான் வரைந்திருக்கிறாள். மூலப் படமே அப்படித்தான். நூரம்பெர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1515இல் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டது. அவர் அந்த மிருகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. லிஸ்பனில் பார்த்த யாரோ எழுதிய கடிதமும் ஒரு கோட்டுப் படமும்தான் ஆதாரம். அதற்குப் பிறகு ஏறக்குறைய இருநூறு வருடம் ஐரோப்பாவில் பலரும் இதையே பார்த்து வரைந்தார்கள்.

தம்பி: லிஸ்பனுக்குக் காண்டாமிருகம் எப்படிப் போனது பெரியப்பா?

பெரியப்பா: குஜராத்திலிருந்து. தியூவில் கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி கேட்டு, போர்த்துக்கீசிய ஆளுநர் அல்புகெர்க் 1514இல் சுல்தான் இரண்டாம் முசாஃபர் ஷாவிடம் தூது அனுப்பினார். சுல்தான் அனுமதி தரவில்லை. காண்டாமிருகத்தைத் தந்தார்.

சித்தப்பா: கெட்டிக்காரர். கேட்டதைக் கொடுக்காமலே கை நிறையக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

பெரியப்பா: அல்புகெர்க் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? 1515 ஜனவரியில் தம் அரசர் மானுவலுக்குக் கப்பலேற்றிவிட்டார். ஓசெம் என்ற காப்பாளரும் கூடவே போனார். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மே 20 அன்று லிஸ்பன் சேர்ந்தது. ரோமானியர் காலத்துக்குப் பிறகு அங்கே யாரும் உயிருள்ள காண்டாமிருகத்தைப் பார்த்திருக்கவில்லை.

அத்தை: நாலு மாதம் கப்பலிலா! வாயில்லா ஜீவன் அண்ணா.

பெரியப்பா: யானையும் காண்டாமிருகமும் பரம வைரிகள் என்று பழைய ரோமானிய நூலில் இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க ஜூன் 3 அன்று அரசர் இரண்டையும் எதிரெதிரே விட்டார். யானை மிரண்டு ஓடியே போய்விட்டது.

சித்தப்பா: அரசருக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது.

பெரியப்பா: அவரும் அதை வைத்துக்கொள்ளவில்லை. அடுத்து போப் பத்தாம் லியோவுக்கு அனுப்பினார். கழுத்தில் பச்சை வெல்வெட் பட்டை கட்டி, அந்த டிசம்பரிலேயே ரோமுக்கு.

அத்தை: கல்யாணத்தில் வந்த சுவர்க் கடிகாரத்தைப் பிரிக்காமலே அடுத்த கல்யாணத்துக்குக் கொடுப்பதுபோல் அல்லவா இருக்கிறது!

அக்கா: அத்தை, எங்கள் வீட்டுக்கு வந்தது உங்கள் கடிகாரமா? 😄

அத்தை: அதைப் பற்றிப் பிறகு பேசலாம். நீங்கள் சொல்லுங்கள் அண்ணா.

பெரியப்பா: வழியில் மார்செய் அருகே ஒரு தீவில் இறக்கினார்கள். பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சுவா வந்து பார்த்தார். பிறகு 1516 தொடக்கத்தில் இத்தாலியக் கரையோரம் புயலில் கப்பல் மூழ்கியது. காண்டாமிருகம் நன்றாக நீந்தக்கூடியது. ஆனால் தளத்தோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள்.

அக்கா: ஐயோ. பாப்பாவிடம் இதைச் சொல்ல மாட்டேன்.

தம்பி: போப் ஏமாந்துபோனாரா?

பெரியப்பா: அவரிடம் ஏற்கெனவே ஹன்னோ என்ற வெள்ளை யானை இருந்தது. அதுவும் மானுவல் 1514இல் அனுப்பியதுதான். போப் முன் மூன்று முறை மண்டியிட்டு, தும்பிக்கையால் தண்ணீர் தெளித்ததாம். 1516 ஜூனில் அதற்கு மலச்சிக்கல். தங்கம் கலந்த பேதி மருந்து கொடுத்தார்கள், இறந்துவிட்டது.

சித்தப்பா: தங்கத்தில் பேதி மருந்தா! அந்த வைத்தியரை அல்லவா சங்கிலி போட்டுக் கட்டியிருக்க வேண்டும்.

தம்பி: சுல்தான் தப்பித்தாரே, அதைச் சொல்லுங்கள்.

பெரியப்பா: அவர் தப்பித்தார், மகன் மாட்டிக்கொண்டார். ஹுமாயூன் படையெடுத்து வந்தபோது பகதூர் ஷாவுக்குப் போர்த்துக்கீசியர் தயவு தேவைப்பட்டது. 1535இல் தியூவில் கோட்டை கட்ட ஒப்புக்கொண்டார். 1537இல் அதே தியூவில், அவர்களுடைய கப்பலுக்குப் பேசப் போய்த் திரும்பும்போது கைகலப்பில் கடலிலேயே உயிர் விட்டார்.

சித்தப்பா: அந்தக் கோட்டை இன்னும் இருக்கிறதா அண்ணா?

பெரியப்பா: இருக்கிறது. 1961 டிசம்பரில் நம் படை போகும்வரை தியூ அவர்கள் கையில்தான் இருந்தது.